குறையைச் சொல்லி விற்போம்

காத்தான்குடி வாவிக்கரையில், மனைவிக்குச் சீதனமாக வந்த வீட்டை விற்கத் தீர்மானித்தோம். 2011 ஜனவரி வெள்ளம் சுவரில் விட்டுச்சென்ற கறையை மறைக்கச் சுண்ணாம்பு பூச ஆயத்தமானேன்.

"பூசுங்க. ஆனா, வாங்க வாற ஆக்கள்ட்ட தண்ணி எந்த மட்டுக்கு வந்ததெண்டும் சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

ஹதீஸ் பாடம் நடத்தும் நான் வெட்கிப்போனேன். உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால்தான் வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்பது புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் வரும் நபிமொழியின் கருத்தல்லவா? சொன்னோம். விலை சற்றுக் குறைந்தது. அல்ஹம்துலில்லாஹ், நிம்மதியாக உறங்கினோம்.

சகோதரிகளே! நம் பகுதியில் வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரிலேயே இருக்கிறது. உறுதியை முழுமையாக வாசித்துக் கேட்காமல் நொத்தாரிசு முன் கையொப்பமிடாதீர்கள். கணவன்மாரே, அவளிடம் முதலில் கேளுங்கள்.