பெயர் போட்ட எட்டுத் தொகுதிகள்

மறுவாசிப்பு என்ற சொல்லை வகுப்பில் நாள்தோறும் புழங்குகிறேன். அதைக் காதால் கேட்டது காப்பெல்லா மெடிட்டரேனியா குழுவின் பதிவில்தான். 2005இல் தொடங்கிய அந்தக் குழு, 2009லேயே பார்பரா ஸ்ட்ரோஸ்ஸிக்கென ஒரு தனி இசைத்தட்டு வெளியிட்டது.

பார்பரா 1619இல் வெனிஸில் பிறந்தவர். தாய், கவிஞர் ஜூலியோ ஸ்ட்ரோஸ்ஸி வீட்டுப் பணிப்பெண். ஜூலியோதான் தந்தை என்று கருதப்படுகிறது; அவர் சொல்லிக்கொண்டதோ வளர்ப்பு மகள் என்று. 1637இல் அவர் கூட்டிய ஆண்கள் அவையில் பார்பரா பாடினார். உடனே அவருடைய ஒழுக்கத்தை ஏளனம் செய்யும் வசை எழுத்து சுற்றுக்கு வந்தது, எழுதியவர் பெயரில்லாமல். (மொட்டைக் கடுதாசிக்கு எந்த ஊரும் விலக்கில்லை போலும்.) அவரோ 1644 முதல் 1664 வரை எட்டுத் தொகுதிகளைத் தன் பெயரிலேயே அச்சேற்றினார். நான்கு பிள்ளைகள். நிலையான தேவாலயப் பதவியோ அரசவைச் சம்பளமோ கிடையாது.

பரோக் காலத் தனிப்பாடல் ஏடுகளில் பெரும்பாலும் பாடும் வரியும் அடிக்குரல் வரியும் மட்டுமே இருக்கும். நடுவிலுள்ளதை வாசிப்பவர்களே நிரப்ப வேண்டும். இளைய குழுக்களின் துணிச்சலுக்கு அந்த வெற்றிடமே வாசல். சில குழுக்கள் தாளக்கருவிகளைக் குவித்துப் பாட்டை மூழ்கடிக்கின்றன. எனக்கு அது ஒப்பவில்லை. நெடுங்கழுத்துத் தியோர்போவின் நரம்புகள் மட்டும் துணைநிற்க, அந்தக் குரலைத் தனியே விட்டால் போதும்.

“சம்பளம் இல்லாம எப்படி மேடம் எட்டுப் புத்தகம்?” என்றாள் ஒரு மாணவி. புரவலர்களுக்குக் காணிக்கையாக்கித்தான். முதல் தொகுதி டஸ்கனியின் விட்டோரியாவுக்கு, கடைசித் தொகுதி பிரன்ஸ்விக்கின் சோஃபியாவுக்கு. நான்காவது மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை.