நாகரசம்பட்டியில் ஒரு மிதிவண்டி

கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் காவேரிப்பட்டினத்தில் இறங்கிப் போச்சம்பள்ளித் திசையில் திரும்பினால், மாந்தோப்புகள் நம்மோடு கூடவே வருகின்றன. தென்பெண்ணை ஆற்றின் அருளால் பசுமை கண்ட பூமி இது. இப்பகுதியில் அமைந்ததுதான் நாகரசம்பட்டி. என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர்.

இரு சக்கர வண்டிகளுக்குப் பெயர்பெற்ற வட்டாரம் இது. 1980-ஆம் ஆண்டு டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்துதான் வெளிவந்தது. 2021-இல் போச்சம்பள்ளிக்கருகே மின்சார ஸ்கூட்டர் ஆலையொன்று எழுந்தது. எனினும், சென்ற மாம்பழப் பருவத்தில் நான் அங்கு சென்றிருந்தபோது தங்கை வீட்டில் நடந்த விவாதம், பெட்ரோலோ மின்சாரமோ வேண்டாத எளிய மிதிவண்டியைப் பற்றியது.

ஒரே வண்டி, ஆனால் மூன்று வேலைகள். மச்சான் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்கத் தார்ச்சாலையில் விரைந்து செல்ல வேண்டும். விடுமுறை நாளில் ஏரிக்கரை மண்பாதை வழியே தோப்புக்குப் போக வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள், தன் தம்பியைப் பின்னால் அமர்த்தி மக்தபில் விட்டுவிட்டுப் பள்ளி செல்ல வேண்டும். இந்த மூன்றாவது வேலையில்தான் சிக்கல் இருந்தது. "பெண்பிள்ளை கடைத்தெரு வழியாகச் சைக்கிளில் போனால் நாலு பேர் என்ன பேசுவார்கள், மச்சான்?" என்று என்னிடம் தயங்கினார் அவர். மகளோ ஒன்றும் பேசாமல், கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லூரியில் படிக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன், 'சைக்ளோகிராஸ்' என்னும் வண்டியின் படத்தைக் காட்டி, "எல்லாப் பாதைக்கும் இதுவே ஏற்றது" என்றான். அவன் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. குளிர்காலத்தில் சேற்றிலும் புல்வெளியிலும் ஓட்டி, ஏற முடியாத இடத்தில் வண்டியைத் தோளில் சுமந்து ஓடும் பந்தயம் அது. பிரான்சு நாட்டில் 1902-இல் முதல் தேசியப் போட்டியும், 1950-இல் பாரிஸ் நகரில் முதல் உலகப் போட்டியும் நடந்தன. சாலை வண்டியின் வேகமும் மண்பாதைக்கேற்ற டயரும் அதில் இணைந்திருக்கின்றன.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பன்னாட்டுப் பந்தய விதிப்படி அதன் டயர் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. நம் பாட்டனார் ஓட்டிய 28 அங்குலக் கறுப்பு வண்டியின் டயரோ ஒன்றரை அங்குலம். அதாவது ஏறத்தாழ 38 மில்லிமீட்டர்! மண்பாதைக்கு அகன்ற டயர் வேண்டுமென்பதை நம் கிராமத்தார் நெடுங்காலமாக அறிந்தே இருக்கிறார்கள். பழைய வண்டியின் குறை அதன் பளுவிலும், மேடேறக் கியர் இல்லாததிலும், மழையில் நழுவும் கம்பிப் பிரேக்கிலுமே இருந்தது. பந்தய வண்டியின் குறை வேறு. வளைந்த கைப்பிடியில் குனிந்து ஓட்ட வேண்டும், பலவற்றில் கேரியர் பூட்டவும் வழியிருக்காது, விலையோ அதிகம். தேவைக்கு மிஞ்சிய செலவு வீண்விரயமென்று மார்க்கம் நமக்குக் கற்பித்திருக்கிறதல்லவா?

ஆகவே இரண்டின் நல்லதையும் எடுத்துக்கொண்டு ஒரு பட்டியல் எழுதினோம். நேரான கைப்பிடி. 35 முதல் 40 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள டயர். மேட்டுக்கு உதவும் சில கியர்கள். எந்தச் சைக்கிள் கடையிலும் கட்டை மாற்றித் தரக்கூடிய பிரேக். பிள்ளையைத் தாங்கும் உறுதியான கேரியர். நடுக்குழாய் தாழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் தந்தையும் மகளும் ஒரே வண்டியை ஓட்ட இயலும். இருக்கையின் உயரத்தை மட்டும் அவரவர்க்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது முழங்கால் இலேசாக மடிந்திருந்தால் அது சரியான உயரம்.

தங்கை ஒன்றைச் சேர்த்தாள்: "செயினை முழுவதும் மூடும் கார்டும், பின்சக்கரத்துக்கு வலையும் வேண்டும் அண்ணா. புர்கா சிக்காது, சின்னவன் காலும் கம்பிக்குள் போகாது." விற்பனைத் தாள்களில் நான் காணாத அறிவுரை அது!

இரவு இஷா தொழுகைக்குப் பின் மச்சானிடம் புதுக்கோட்டையைப் பற்றிச் சொன்னேன். 1990-களின் தொடக்கத்தில், அம்மாவட்ட அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். 1992-ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டிகளில் அணிவகுத்து வந்தனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஓட்டக் கற்றவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தனர். அவர்களும் ஊராரின் கேலிப் பேச்சைக் கேட்டவர்களே. பெண்கள் வண்டிக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் வண்டியையே வாங்கினர்; அதன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமென்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பேருந்துக்காகக் காத்து நின்ற நேரமும், தந்தையையோ கணவரையோ துணைக்கு எதிர்பார்த்த நிலையும் அவர்களுக்குக் குறைந்தன.

"பேசுகிறவர்கள் நம் பிள்ளையைப் பள்ளியில் கொண்டுபோய் விடப்போவதில்லை" என்றேன். அவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார்.

மறுவாரம் பட்டியலுக்கு நெருக்கமான வண்டியொன்று வீட்டுக்கு வந்தது. வலையும் செயின் கார்டும் கடையில் தனியே பூட்டப்பட்டன. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டுமென்னும் நபிமொழி மச்சானுக்கு நன்கு தெரியும். பிரேக்கை இருமுறை அழுத்திப் பார்த்தார்; டயரில் கருவேல முள் இருக்கிறதாவென்று விரலால் தடவினார்.

காலையில் மகள் முக்காட்டை இறுக்கிக்கொண்டு, பயண துஆவை ஓதி, "பிஸ்மில்லாஹ்" என்று மிதித்தாள். பின்னால் தம்பி, மடியில் குர்ஆன் பையோடு. மச்சான் தெருமுனைவரை வேகமாகக் கூடவே நடந்தார். கடைத்தெரு தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டார். அங்கே அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார்.

"என் மகள்தான், பாய்" என்றார் மச்சான், குரலைத் தாழ்த்தாமல்.