கரையோர வெண்மலர்

பணிமாற்றத்தால் அந்தமானுக்கு வருவோர் சிலர், ஊரில் விட்டுவந்த நிலச்சம்பங்கியை எண்ணி ஏங்குவர். அவர்தம் ஏக்கத்தைத் தணிக்கும் வெண்மலர் இத்தீவின் கடற்கரையிலேயே உண்டு. அதுவே விடமூங்கில். பெயரில் மூங்கில் இருப்பினும் இது மூங்கிலன்று. மண்ணுள் குமிழம் உடைய செடி. நெடிய தண்டின் உச்சியில் கொத்தாகப் பூக்கும் இதன் மலர்கள் இரவில் மணம் பரப்பும்.

இதனைத் தோட்டத்தில் வளர்ப்பது எளிது. தாய்க் குமிழத்தை ஒட்டி முளைக்கும் பக்கக் கன்றுகளை வேரோடு பிரித்து, கழுத்துப்பகுதி மண்ணுக்கு மேலே தெரியுமாறு நடுதல் வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெறும் தீவு இது. நீர் தேங்கினால் குமிழம் அழுகக்கூடும். ஆதலின் மேட்டுப்பாத்தியே ஏற்றது. செடி முழுவதும் நஞ்சு; வெங்காயம் என்றெண்ணி எவரும் சுவைத்தல் ஆகாது.

கன்று தாயருகே தங்கும். விதையோ பயணம் போகும். தக்கை போன்ற மேல்தோலுடைய அவ்விதை, கடலில் மிதந்து சென்று வேறொரு கரையில் முளைக்கும். 1964ஆம் ஆண்டு இந்திய – இலங்கை ஒப்பந்தத்திற்குப் பின், இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில நிக்கோபாரின் கச்சால் தீவில் குடியேறி, ரப்பர்த் தோட்டத்தில் உழைத்தன. அவர்களும் கடல் கடந்து வந்தவர்களே.

விதையில் பிறந்த செடி உடனே பூப்பதில்லை. முதலில் வேரூன்றிக் குமிழம் பருக்கும். சில ஆண்டுகள் சென்றபின்னரே வெண்மலர் விரியும். புதிய மண்ணுக்கு வந்தவர்க்கும் அக்காலத்தை அளித்தல் வேண்டும்.