தண்ணி கேனும் நான் தொலைச்ச 9 கிலோவும்

கொஞ்சம் நீளமான இழை. எடை குறைக்கிற முயற்சியில இருக்கறவங்க பொறுமையா படிங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி என் எடை 91 கிலோ. நைட் டியூட்டி, பரோட்டா, ராத்திரி ரெண்டு மணிக்கு டீ. இடுப்புச் சுற்றளவு 102 செ.மீ. ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 தாண்டினாலே சர்க்கரை, பிரஷர் ஆபத்து கூடும்னு ஓ.பி.யில தினமும் சொல்றவன் நான். வெட்கமா இருந்துச்சு. சோத்தைப் பாதியாக்கினேன், தினமும் நடந்தேன். நாலு மாசத்துல 9 கிலோ போச்சு. வார்டே பாராட்டுச்சு.

அப்புறம் ஒரு ராத்திரி, ஒரகடம் பக்கம் பைக் விபத்து. ஸ்ட்ரெச்சர்ல இருந்து டேபிளுக்கு மாத்தும்போது பெட்ஷீட்டோட ஒரு முனை என் கையில. பிடி நழுவிடுச்சு. எதிர்ல நின்ன அண்ணன் சட்டுனு தாங்கினதால அந்தப் பையன் கீழ விழல. 91 கிலோவா இருந்தப்ப யோசிக்காம தூக்கின கை அது. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

காரணம் பாடப்புத்தகத்துலயே இருக்கு. சாப்பாட்டைக் குறைச்சு மட்டும் எடை இறக்கினா, போற எடையில ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பு இல்ல. அதுல தசையும் அடக்கம். சாப்பிட்டதும் ரத்தத்துல ஏறுற சர்க்கரையை அதிகமா வாங்கி வச்சுக்கிறது தசைதான். அதையும் சேர்த்துக் கரைச்சுட்டு தராசைப் பார்த்து சந்தோஷப்பட்டிருக்கேன். வாரம் ரெண்டு நாளாவது தசைக்கான பயிற்சி வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றது எனக்குத் தெரியாமலா இருந்துச்சு!

இதை ஓ.பி.யில ஒரு தம்பிகிட்ட சொன்னேன். வயசு 26, கம்பெனியில காண்ட்ராக்ட், வல்லம் பக்கம் நாலு பேர் சேர்ந்து ரூம். "டெய்லி லைன்ல பெட்டி தூக்குறேனே சார், அது போதாதா?"

நியாயமான கேள்வி. ஆனா அதே எடை, அதே திசை, வருஷம் முழுக்க. உடம்பு சில வாரத்துல அதுக்குப் பழகிடும், அதோட நின்னுடும். பாரம் கொஞ்சம் கொஞ்சமா ஏறினாதான் தசைக்கு வேலை. ஜிம் ஃபீஸ் கட்ட முடியாதுன்னார். "ரூம்ல தண்ணி கேன் இருக்கா?"ன்னு கேட்டேன்.

இருபது லிட்டர் கேன்ல 5 லிட்டர் ஊத்தினா 5 கிலோ. வாரம் ஒரு லிட்டர் ஏத்துங்க. இதைவிடத் துல்லியமான டம்பெல் கிடையாது. நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நாற்காலியில உட்கார்ந்து எழுந்திருங்க. கைப்பிடி உள்ள 5 லிட்டர் எண்ணெய் கேன்ல மணல் போட்டா ஏழு கிலோ தாண்டும். முதுகு வளையாம இடுப்புல இருந்து குனிஞ்சு, அதை விலா வரைக்கும் இழுங்க. தண்டால் வரலைன்னா சுவத்துல ஆரம்பிங்க, அப்புறம் கட்டில் விளிம்பு, கடைசியா தரை. ஒவ்வொண்ணும் பத்து தடவை, மூணு சுத்து. ஒருநாள் விட்டு ஒருநாள், இருபது நிமிஷம். மூச்சை அடக்காதீங்க. தூக்கும்போது வெளிய விடுங்க.

நெஞ்சுவலி, குடலிறக்கம், கட்டுப்படாத பிரஷர் இருக்கறவங்க, இன்சுலின் போடுறவங்க டாக்டரைப் பார்த்துட்டு ஆரம்பிங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல பிரஷரும் சுகரும் இலவசமா பார்ப்பாங்க.

புரோட்டீன் பவுடர் டப்பா வேண்டாம். 50 கிராம் மீல்மேக்கர்ல சுமார் 25 கிராம் புரதம். ரெண்டு முட்டையில 12. வேர்க்கடலை நல்லதுதான், ஆனா எடை குறைக்கும்போது ஒரு கைப்பிடியோட நிறுத்துங்க. நான் நிறுத்தாம ஒரு மாசம் வீணாப் போச்சு. கிட்னி பிரச்சினை இருந்தா புரதத்தைக் கூட்டுறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேளுங்க.

அந்தத் தம்பி மூணு மாசம் கழிச்சு வந்தார். எடை ரெண்டு கிலோதான் குறைஞ்சிருக்கு, முகம் வாடியிருந்துச்சு. டேப் வச்சு அளந்தேன், இடுப்பு 6 செ.மீ. இறங்கியிருக்கு. இப்போ ரூம்ல நாலு பேரும் தூக்குறாங்களாம். காலி கேன் திரும்பி வரலைன்னு தண்ணி போடுற அண்ணன்தான் தினமும் சண்டைக்கு வர்றாராம்.