சரிவும் சீட்டும்

தாவர சாஸ்திரத்திலே களப்பணி செய்கிறவன் செடியைப் பறிக்கிறான், செய்தித்தாளின் மடிப்பில் பரப்புகிறான், மரச்சட்டங்களுக்கு இடையே வைத்து இறுக்குகிறான், காய்ந்தபின் அட்டையில் ஒட்டுகிறான் என்ற அளவிலேயே அவன் தொழிலைப் பிறர் அறிவார்கள். ஆயினும் அந்த அட்டையின் மூலையில் ஒட்டப்படுகிற உள்ளங்கையளவுச் சீட்டில் என்ன எழுதப்படுகிறது என்பதே அவ்வளவு பிரயாசைக்கும் அர்த்தம் கொடுப்பது என்பதை, இத்தொழிலில் நெடுநாள் பழகியவர்களுங்கூடச் சில வேளை மறந்துவிடுகிறார்கள். சேலம், நாமக்கல் சமவெளிகளிலும் அவற்றைச் சூழ்ந்த மலைகளிலும் செடி தேடி அலைவதில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற உரிமையில் அந்தச் சீட்டைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

இந்தப் பிரதேசம் சீதோஷ்ணத்தைக் கற்பதற்கென்றே அமைந்தது போன்றது. சேலம் நகரம் சமுத்திர மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஆயிரம் மீட்டர் ஏறினால் உஷ்ணம் சராசரியாக ஆறரை பாகை குறையும் என்ற கணக்கின்படி, இரண்டுக்கும் நடுவே எட்டு பாகை வித்தியாசம் உண்டு. நாமக்கல் பக்கத்துக் காடுகள் பெறுகிற மழையைப்போல் ஏறத்தாழ இருமடங்கை ஏற்காட்டின் மேட்டுநிலம் பெறுகிறது. ஆகவே வேம்பும் வெள்வேலும் ஆவாரையும் நிற்கிற தரையிலிருந்து புறப்படுகிறவன், உசிலும் வெக்காலியும் கல்மூங்கிலும் நிறைந்த இலையுதிர் காட்டைக் கடந்து, என்றும் பசுமை மாறாத சோலைத் துண்டுகளைச் சிறுபொழுதில் அடைந்துவிடுகிறான். தென்னமெரிக்காவில் சிம்பொராசோ மலைமீது எந்த உயரத்தில் எந்தத் தாவரம் வளர்கிறதென்று ஹும்போல்ட் 1807இல் வரைந்து வெளியிட்ட படத்தை நம்மவர் வியப்போடு பார்ப்பதுண்டு; அதற்கு நிகரான பாடம் நமக்குப் பேருந்துக் கட்டணத்தில் கிடைக்கிறது.

ஆனால் உயரத்தையும் ஆண்டு மழையையும் மட்டும் குறித்துக்கொண்டு செடியின் எல்லையைக் கண்டுவிட்டதாக நினைப்பது அவசர புத்தி. செடி சராசரியில் வாழ்வதில்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஈரம் வற்றிப்போகிற வாரங்கள் எத்தனை நீடிக்கின்றன, அவ்வாரங்களில் வேர் எதைக் குடித்துத் தாங்குகிறது என்பதே அதன் எல்லைக்கோட்டைப் போடுகிறது. வெக்காலி இலைகளை உதிர்த்துவிட்டு அக்காலத்தைக் கடத்துகிறது; சோலை மரத்துக்கு அந்த உபாயம் தெரியாது; எனவே வெயில் தாழ்ந்து விழுகிற பள்ளங்களிலும் ஓடைக்கரைகளிலும் அது ஒதுங்குகிறது. கொல்லிமலையில் எனக்கு வழிகாட்டிய, மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த பெரியவர் ஒருவரிடம், இந்தச் சரிவில் இவ்வளவு செழிப்பாக இருக்கிற மரம் எதிர்ச்சரிவில் ஏன் ஒன்றுகூட இல்லை என்று கேட்டேன். “அது சாயந்தர வெய்யில் பார்த்த சரிவுங்க ஐயா, அங்கே அது நிக்காதுங்க” என்றார். உயரம் ஒன்று, மழை ஒன்று, தூரமோ கூப்பிடு தூரம். இருந்தும் திசை ஒன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

காலத்தில் வராத மழை மொத்தக் கணக்கில் எவ்வளவு பெரிதாயினும் பயனில்லை என்பதற்குக் காப்பியைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை காலத்தில் ஏற்காட்டுக்கு வந்த அந்தச் செடி, வறண்ட மாதங்களில் மொட்டுக்களை உறங்கவைத்துக்கொண்டு, மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தபின் ஒரு வாரம் பத்து நாளில் மலையெங்கும் வெண்மையாகப் பூக்கிறது. தோட்டக்காரர்கள் அதைப் பூமழை என்கிறார்கள். அந்த மழை தவறினால், பின்னால் ஐப்பசியில் எவ்வளவு கொட்டினாலும் அவர்கள் முகம் தெளிவதில்லை.

பிராணிகளுக்கும் இதே விதிதான். சென்னை ராஜதானியின் வனத்துறையில் அதிகாரியாயிருந்த பெடோம், ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையில் கிடைத்த ஒரு சிறு மெல்லிய பல்லியை 1870இல் வர்ணித்தார். கொல்லிமலையிலும் அதுபோன்ற பல்லி உண்டு. ஒரே இனம் என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2019இல் மரபணுக்களை ஒப்பிட்ட ஆராய்ச்சியாளர்கள், கொல்லிமலைப் பல்லி வேறு இனம் என்று கண்டு, அம்மலையின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். தெளிந்த நாளில் ஒரு மலையிலிருந்து மற்றதைக் காணலாம். எனினும் குளிர்ந்த மேட்டில் பழகிய அந்த ஜீவனுக்கு, ராசிபுரம் வழியாக நாம் அலட்சியமாகக் கடக்கிற உஷ்ணமான சமவெளி கடலுக்குச் சமம். கடலால் பிரிந்த தீவுகளில் நிகழ்வதே இங்கும் நிகழ்ந்திருக்கிறது. மேலும் உஷ்ணம் கூடினால் மேலே ஏறிப்போக அதற்கு அதிக இடமுமில்லை: சேர்வராயன் சிகரம் 1,600 மீட்டரை ஒட்டி முடிந்துவிடுகிறது.

எல்லாவற்றையும் சீதோஷ்ணத்தின் தலையில் கட்டுவதும் தகாது. சேலத்துக்கு அருகே மேக்னசைட் என்னும் வெள்ளைக்கல் வெட்டுகிற குன்றுகளில் செடிகள் குட்டையாகவும் அருகியும் நிற்பதற்கு வானத்தில் காரணம் தேடுவது வீண். அது மண்ணின் கொடுமை. ஆடும் தீயும் கோடரியும் செய்கிற வேலையும் அப்படியே.

இக்காலத்தில் இளைஞர்கள் இந்தச் சீட்டுக்களிலிருந்து இடங்களை எடுத்து, உஷ்ணமும் மழையுமாகப் பத்தொன்பது அளவைகளோடு கணினியில் சேர்த்து, ஓர் இனம் எங்கெல்லாம் வாழக்கூடும் என்று படம் வரைகிறார்கள். அந்த முறையை நான் குறைகூறவில்லை. அதற்கு நாம் ஊட்டுகிற உணவுதான் கவலை தருகிறது. பழைய சீட்டுக்கள் பலவற்றில் “சேலம் ஜில்லா” என்பதற்குமேல் ஒன்றுமிராது. அதை ஒரு புள்ளியாக்கும்போது அது நகரத்தின்மேல் விழுந்து, சோலையில் குளிர்காயாமல் வளர்ந்த செடி, மே மாதத்துச் சேலத்து வெயிலைப் பொறுக்கும் பெருமையைப் பெற்றுவிடுகிறது. படத்தின் கட்டம் ஒரு கிலோமீட்டர் சதுரமென்றால், மலைச்சாலை ஏறுகிற சரிவில் அக்கட்டத்துக்குள்ளேயே முந்நூறு நானூறு மீட்டர் ஏற்றமும் இரண்டு பாகைக்கு மேற்பட்ட உஷ்ண பேதமும் அடங்கிவிடும். போதாததற்கு, நாம் எல்லோரும் சாலையோரத்திலேயே சேகரிக்கிறோம். கொண்டை ஊசி வளைவுகளில் மட்டுமே வளர்கிற செடிகள் நம் ஹெர்பேரியங்களில் ஏராளம்! திருச்சி ராபினட் ஹெர்பேரியத்தின் மாத்யூ பாதிரியார் இம்மலைகளையும் உட்படுத்தி எழுதி 1983இல் வெளியான தமிழ்நாடு கர்னாடகத் தாவர நூலை இன்றும் நான் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கிறேன். ஆனால் எந்த நூலும் சீட்டில் இல்லாததைச் சொல்லமுடியாது.

ஆகையால் என்னோடு வருகிற மாணவர்களை இடம், தேதி, உயரம் ஆகியவற்றோடு, சரிவு எத்திசை நோக்கியது, ஓடை எவ்வளவு தூரம், அடியில் என்ன பாறை, கடைசி மழை எப்போது பெய்தது என்பனவற்றையும் எழுதச் சொல்கிறேன். தேடியும் அங்கே காணாத மரம் எது என்பதையும் எழுதவேண்டும் என்று வற்புறுத்துகிறேன்; பறிக்கமுடியாத அந்தச் செய்தியை வேறெவரும் பின்னால் கண்டெடுக்க வழியில்லை. சீட்டில் இடமில்லை என்று முறையிடுகிறவர்களுக்கு, இரண்டாவது சீட்டு ஒட்டுவதற்கு அட்டையில் இடமிருக்கிறது என்று காட்டுகிறேன்.