கத்திவாக்கத்துக்கு ஒரு மூட்டை

வெள்ளம் என்ற செய்தியைப் பத்திரிகையில் கண்டதும் நமது குடும்பங்களில் முதன்முதலாகத் திறக்கப்படுவது பழைய துணிகள் அடைத்திருக்கும் அலமாரிதான். இரக்கத்தால் பாதியும், அலமாரியில் இடமில்லாத குறையால் பாதியுமாக ஒரு மூட்டை உருவாகி விடுகிறது. 2023-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் நமது வீட்டிலும் அப்படி ஒரு மூட்டை தயாராயிற்று. அதில் சரிகை நைந்துபோன பட்டுப் புடவை ஒன்றும் இருந்தது.

அந்த மாதம் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடலில் நின்றுகொண்டு மழையைக் கொட்டிவிட்டு, 5-ந் தேதி ஆந்திர தேசத்தில் பாபட்லா அருகே கரையேறிற்று. நகரத்தின் பல பகுதிகள் ஜலத்தில் மிதந்தன. சில நாட்களில் தெருக்கள் உலர்ந்தன, மின்சாரம் வந்தது, நகரவாசிகள் மழையைத் திட்டுவதை நிறுத்திவிட்டுக் காப்பி சாப்பிடத் தொடங்கினார்கள். ஆனால் வடக்கே, எண்ணூர்க் கழிமுகத்தைச் சேர்ந்த குப்பங்களில், வெள்ளம் வடிந்த பிறகுதான் கஷ்டம் ஆரம்பமாயிற்று. மணலித் தொழிற்சாலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் புகுந்து முகத்துவாரம் வரை படர்ந்தது. ஜலம் வடியும், எண்ணெய் வடியுமா? படகுகளிலும், வலைகளிலும், அலையாத்தி மரங்களின் வேர்களிலும், கூழைக்கடாக்களின் இறகுகளிலும் அது ஒட்டிக்கொண்டது.

கத்திவாக்கத்துக்கு நாம் போக எண்ணியதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 2015-ம் வருஷ வெள்ளத்தில் நாம் கோட்டூர்புரத்தில் குடியிருந்தோம். அடையாறு வீட்டுக்குள் வந்தபோது, மாடியில் இரண்டு குழந்தைகளோடும் ஒரு வயோதிகத் தாயாரோடும் ஓர் இரவைக் கழித்தோம். மறுநாள் படகு ஒன்று மாடிப்படி அருகே வந்து நின்றது. அதைச் செலுத்தி வந்த மூன்று மீனவர்கள் எங்கள் தாயாரைப் பூக்கூடையைத் தூக்குவதுபோலத் தூக்கி உட்கார வைத்தார்கள். "எந்த ஊர், அப்பா?" என்று கேட்டோம். "எண்ணூர்ப் பக்கம்" என்றார்கள். பணத்தை நீட்டினோம்; வாங்கவில்லை. பெயரைக் கேட்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவே இல்லை. படித்தவர்களின் மறதி எப்பொழுதும் சௌகரியமான இடத்தில்தான் வருகிறது!

டிசம்பர் நடுவில் ஒரு நாள் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறி, கத்திவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, மூட்டையோடு வழி விசாரித்துக்கொண்டே காட்டுக்குப்பம் வரை நடந்தோம். ஊருக்குள் நுழைவதற்கு முன்பே மூக்குக்குச் செய்தி வந்துவிட்டது. பெட்ரோல் கடையைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு படுத்தது போன்ற வாசனை. கழிமுகத்தில் மனிதர்கள் படகுகளில் நின்றபடி வாளியாலும் குவளையாலும் எண்ணெயை அள்ளிக் கொண்டிருந்தார்கள். மீன் பிடிக்க வேண்டிய கைகள் முழங்கை வரை கறுத்திருந்தன.

அந்தக் கால்வாயைப் பற்றி ஒரு வார்த்தை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டப்பட்ட கால்வாய்தான் பின்னால் நீண்டு பக்கிங்ஹாம் கால்வாயாயிற்று. தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877-78-ல், அடையாற்றையும் கூவத்தையும் சேர்க்கும் பகுதியைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். பசித்த ஜனங்கள் மண் சுமந்தார்கள். கவர்னர் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது. சுமந்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. கோட்டூர்புரத்து மாடிப்படியில் நாம் செய்ததும் ஏறக்குறைய அதுவேதான்.

ஒரு வீட்டு வாசலில் நடுத்தர வயதுள்ள ஓர் அம்மாள் வலையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூட்டையை இறக்கி வைத்து, வந்த விஷயத்தைச் சொன்னோம்.

"துணிக்குப் பஞ்சம் இல்லீங்க ஐயா. நேத்து ஒரு லாரி வந்துச்சு, அதுக்கு முந்தா நாள் ஒரு வேன் வந்துச்சு. இந்த வலையைப் பாருங்க. அலசினாலும் போவல. ஆத்துல இறால் இல்ல. கடல்ல போய்ப் பிடிச்சாந்தாலும், எண்ணூர் மீனுன்னா யாரும் தொட மாட்டேங்கறாங்க."

கடைசி வாக்கியம் நம்மை உறுத்திற்று. அந்த வாரம் நம்முடைய தெருவிலும் மீன்காரியிடம், "எந்த ஊர் மீன்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். எச்சரிக்கை தவறல்ல; குழந்தைகள் சாப்பிடும் வீடு. ஆயினும் அந்தக் கேள்வியின் மறுபக்கத்தில் ஒரு குடும்பத்தின் அடுப்பு இருந்தது.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. புயலால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். எண்ணெயால் பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளைச் செப்பனிடத் தலா 10,000 ரூபாயும் என்று அறிவித்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. இவற்றைக் குறைவாகப் பேசுவது நமது எண்ணமல்ல. ஆனால் தீயணைந்த வீட்டுக்குக் கூரை போடலாம். ஆற்றுக்கு எதைப் போடுவது? இறால் குஞ்சு சேற்றுக்குத் திரும்பும் நாளைக் கணக்கிட்டு எந்த உத்தரவும் எழுத முடியாது. அதுவரை நாள் கூலியை யார் தருவது என்பதே அந்த அம்மாளின் கேள்வி. கத்திவாக்கத்துக்காக நன்கொடை திரட்டிய வாசகர்களுக்கெல்லாம் அதை அப்படியே ஒப்படைக்கிறோம்: அரிசி மூட்டை அனுப்புகிறவர்கள் வலைக்கும் நூலுக்கும் பணம் அனுப்பட்டும், முதல் வாரம் அனுப்புகிறவர்கள் ஆறாவது மாதமும் அனுப்பட்டும், கழிமுகம் சுத்தமாக வேண்டும் என்று மனுப்போடும்போது தங்கள் கையெழுத்தையும் சேர்க்கட்டும்.

2015-ல் கோட்டூர்புரம் வந்த படகுகளைப் பற்றி மெல்ல விசாரித்தோம். "அப்போ எல்லா ஊட்லேருந்தும் போனாங்க" என்றாள் அவள், அது ஒரு விசேஷமே இல்லை என்பதுபோல. பெயர் கிடைக்கவில்லை.

வெட்கத்தோடு மூட்டையைத் தூக்கப் போனோம். "இருங்க ஐயா" என்று அவளே முடிச்சை அவிழ்த்தாள். பட்டுப் புடவையை மடித்து ஓரமாக நம்மிடமே தள்ளினாள். பழைய பருத்தி வேட்டிகள் நான்கையும் பொறுக்கி எடுத்துக்கொண்டாள்.

"இது ஆகும். படகு துடைக்கறதுக்கு. இன்னும் இருந்தா எடுத்தாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு வேட்டிகள் கொண்டுபோனோம்.