பாசியின் மென்மையும் படத்தின் கூர்மையும்

பாசி என்னும் சொல் தமிழிலே பல பொருள்களைத் தாங்கி நிற்பது. குளத்து நீரின் மேற் படரும் பச்சைப் படலமும் பாசி. மாரிகாலத்திற் கிணற்றுக் கட்டிலும் மதிலிலும் பிடித்து நம்மை வழுக்கி விழுத்துவதும் பாசி. மலைக்காட்டிலே மரத்தை அடிமுதற் கவடுவரை போர்த்திருப்பதும் பாசியே. குறுந்தொகையிலே பரணர் தலைவியின் பசலைக்கு உவமையாக்கியது இவற்றுள் முதலாவது. கை பட்டவிடத்தில் விலகி, கையை எடுத்ததும் மீண்டும் வந்து மூடிக்கொள்ளும் அதன் இயல்பைப் புலவர் கண்டு வைத்திருந்தார். தாவரவியலார் அதனை அல்கா என்று வேறு பிரித்துவிட்டனர். நான் ஈண்டு பேசப் புகுவது மூன்றாவதைப் பற்றி. எனினும், தொட்டால் விலகும் அந்த இயல்பு மலைக்காட்டுப் பாசிக்கும் ஒருவகையிற் பொருந்தும். அதனைப் படமெடுத்து, அப்படத்தைக் கணினியிலே திருத்த முற்படுவோர் இதனை அறிவர்.

ஹோட்டன் சமவெளிக்குச் செல்வோருட் பெரும்பாலோர் உலக முடிவை நோக்கி விரைவர். மேகம் ஏறுமுன்னர் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட வேண்டுமென்பது அவர்தம் கவலை. மேகம் ஏறிய பின்னரே காட்சி தொடங்குகின்றது என்று கருதும் சிறுபான்மையினருள் நானும் ஒருவன். புல்வெளி முடிந்து காடு தொடங்கும் ஓரத்திலே, ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில், மரங்கள் குட்டையாகவும் முறுகியும் குடைபோல் முடி விரித்தும் நிற்கின்றன. சிங்கராஜ வனத்து மரங்களின் நெடுமை இவற்றுக்கில்லை. ஆனால் பாசியும் பன்னமும் தாடி போல் தொங்கும் லைக்கனும் இவற்றை மூடியிருக்குமாற்றைத் தாழ்நாட்டுக் காட்டிற் காண்பதரிது. மழை பெய்யாத நாளிலும் உள்ளே துளி சொட்டிக்கொண்டிருக்கும். மேகத்தின் நுண்துளிகளை இத்தாவரங்கள் வடித்தெடுத்துக் கீழே விடுவதால் நிகழ்வது அது.

அங்குக் கமராவை முக்காலியில் நிறுத்தி, வில்லையின் துவாரத்தைச் சுருக்கினால், ஒரு படத்துக்கு ஒரு செக்கன், சிலபோது இரண்டு செக்கன் வேண்டியிருக்கும். அந்நேரத்திற் காற்று வந்து பன்னத்தின் நுனியை ஆட்டிவிட்டால், பின்னர் எந்தக் கூர்மையாக்கலும் அதனை மீட்டுத் தராது. துவாரத்தை அளவுக்கு மீறிச் சுருக்கினாலோ, ஒளி விளிம்பிலே வளைந்து படம் முழுவதும் மங்கிவிடும். காற்று அடங்கும்வரை காத்திருப்பதே அங்கு முதல் வேலை.

பாசிக்கு உண்மையான வேர் இல்லை. அதன் இலை பெரும்பாலும் ஒரே கலத்தின் தடிப்புடையது. ஆகவே அது தன் மேற்பரப்பாலேயே நீரைப் பருகுகின்றது. காற்று உலர்ந்தால் தானும் உலர்ந்து சுருங்குகின்றது. மீண்டும் நனைந்தால் சிறிது நேரத்திலேயே விரிந்து பசுமை கொள்கின்றது. நனைந்த பாசியைக் கைவில்லையால் நோக்கின், இலைக்கும் இலைக்கும் இடையில் நீர் மெல்லிய படலமாய் நிற்பதைக் காணலாம். ஒளி அந்நீரிலும், ஊடுகாட்டும் அவ்விலையிலும் புகுந்து பரவி வெளிவருகின்றது. பாசியின் மென்மை என்று நாம் வியப்பது பெரிதும் இந்த நீரின் செயலே. படத்தில் அம்மென்மை இருக்குமாயின், அவ்வேளையில் மரத்தின் மேல் நீர் இருந்தது என்ற செய்தியும் படத்தில் இருக்கின்றது.

இனிக் கூர்மையாக்கல் என்பது யாதெனச் சிறிது கூறவேண்டும். அதனை, இல்லாத விவரத்தை வரவழைக்கும் மந்திரமென்று எண்ணுவோர் பலர். இம்முறை கணினிக்கு முந்தியது. இருட்டறைக் காலத்தில், நெகட்டிவ் ஒன்றிலிருந்து வேண்டுமென்றே மங்கலாக்கிய மெல்லிய நேர்ப்படம் ஒன்றை ஆக்கி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி அச்சிடுவர். பெரும் பரப்புகளின் ஒளிவேறுபாடு தணிய, நுண்ணிய விளிம்புகள் எடுப்பாய்த் தோன்றும். அவுஸ்திரேலியாவில் வானியற் படங்களை ஆக்கிய டேவிட் மாலின் 1970களில் இவ்வழியைக் கையாண்டு, விண்மீன் கூட்டங்களின் படங்களிலே மறைந்துகிடந்த நுண்ணமைப்புகளை வெளிக்கொணர்ந்தார். கணினி செய்வதும் ஏறத்தாழ அதுவே. படத்தின் மங்கலான பிரதி ஒன்றை ஆக்கி, மூலத்துக்கும் பிரதிக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு, அதனை மூலத்தோடு கூட்டுகின்றது. அதனால் விளிம்பின் இருண்ட பக்கம் மேலும் இருள, ஒளிர்ந்த பக்கம் மேலும் ஒளிர்கின்றது. எவ்வளவு கூட்டுவது, விளிம்பிலிருந்து எவ்வளவு தூரத்துக்குக் கூட்டுவது, எத்துணைச் சிறிய வேறுபாட்டைத் தொடாது விடுவது என்னும் மூன்று பெறுமானங்களே நமது கையில் உள்ளவை. இரண்டாவதை ஆரை என்பர். பாசியைப் பொறுத்தவரை ஆபத்து மிகுந்தது அதுவே.

இதிலே பொய் ஒன்றுமில்லை என்று வாதிப்போரிடமும் நியாயமுண்டு. நமது கண்ணே இதனைச் செய்கின்றது. இருளும் ஒளியும் சந்திக்குமிடத்தில் உண்மையில் இல்லாத பட்டைகள் தோன்றுவதை ஏர்ண்ஸ்ற் மாக் 1865இல் விவரித்தார். குதிரைலாட நண்டின் கண்ணை ஆராய்ந்து, அயலயலே உள்ள ஒளியுணர் அலகுகள் ஒன்றையொன்று அடக்குவதைக் காட்டிய ஹார்ட்லைன் 1967இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மேலும், இலக்கமுறைக் கமரா எடுக்கும்போதே படத்தைச் சற்று மங்கலாக்கிவிடுகின்றது. கொடக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தை மட்டுமே பதிகின்றது. மற்றிரு நிறங்களும் அயலிலிருந்து கணித்து நிரப்பப்படுகின்றன. நான்கில் இரண்டு பச்சைக்குரியவை என்பது பாசியைப் படமெடுப்போருக்கு ஓர் ஆறுதல். ஆகவே இழந்ததைச் சிறிது மீட்டெடுப்பது முறையே. மீட்பு எங்கே முடிகின்றது, சேர்ப்பு எங்கே தொடங்குகின்றது என்பதுதான் வினா.

கட்டடத்தின் படத்தில் விளிம்புகள் சில, இடையே வெறுஞ்சுவர். பாசியின் படத்திலோ எங்கும் விளிம்பே. ஆரையைச் சற்றுக் கூட்டியதும் ஒவ்வோர் இலைநுனியும் வெண்புள்ளியாகின்றது; இலையிடையே நின்ற நீரின் மெல்லொளி கறுத்துக் குழியாகின்றது. சற்றுமுன் ஈரம் ததும்பிய மரம் இப்போது தேங்காய்த் தும்பு சுற்றிய கம்பம் போல் நிற்கும். கணினித் திரையில் முழு அளவிற் பார்த்துத் தீர்மானிப்போர் இதனை எளிதிற் காண்பதில்லை. 6,000 பிக்சல் அகலமுள்ள படத்தைச் சாதாரணத் திரையில் அவ்வாறு பார்ப்பது, ஒன்றரை மீற்றர் அகலமான படத்தை மூக்கு முட்டப் பார்ப்பதற்கு ஒப்பாகும். தாவரவியலாருக்கு இதனால் வரும் இடர் வேறு. சில பாசியினங்களில் இலைநுனி நிறமற்ற மயிராய் நீண்டு வெண்மையாய்த் தோன்றும். இனங்காண்பதற்கு அஃது ஓர் அடையாளம். மிகைக் கூர்மையோ, மயிரில்லா இனத்துக்கும் வெண்மயிர் முளைப்பித்துவிடும்.

இதனால் மங்கலே கலையென்று கொள்வதும் எனக்கு உடன்பாடன்று. மென்குவியப் படங்களுக்காகத் தம் காலத்துப் புகைப்படவாளர் பலரின் கண்டனத்துக்கு ஆளான ஜூலியா மார்கரெட் கமரன், 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இதே மலைநாட்டின் திக்கோயாவிலே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டவர். மனித முகத்தில் அவர் செய்தது துணிந்த தெரிவு. நாட்காட்டிகளில் வரும், வில்லையில் ஆவி படிந்தாற் போன்ற காட்டுப் படங்களுக்கு அந்தப் பெருமை சேராது. பன்னம் எது, பாசி எது என்று தெரியாத படத்தில் மென்மை இருந்தென்ன?

எனக்கு இவ்வினா நெடுங்காலம் ஓய்வுநேர வினாவாகவே இருந்தது. எனக்குக் கற்பித்த தாவரவியல் ஆசிரியர் ஒருவர் மறைந்தபின், அவரது ஸ்லைட்டுப் பெட்டி என்னிடம் வந்தது. அதில் ஒன்று சமவெளியின் காட்டோரத்துக் கீன மரத்தின் படம். அடியிலே பிளவுண்ட பாறை. மட்டையில் பென்சிலால் ‘நவம்பர் 1981’ என்று எழுதியிருந்தார். அப்பாறையைக் கொண்டு மரத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. ஒரு பெப்ரவரியில் அவர் நின்றிருக்கக்கூடிய இடத்தில் நின்று நானும் ஒரு படம் எடுத்தேன். மாணவரின் கண்காட்சிக்கு இரண்டையும் அருகருகே வைப்பது நோக்கம். ஒத்திகைக்காக அச்சிடக் கொடுத்தவிடத்தில் தம் வழக்கப்படி புதிய படத்தை நன்றாகக் கூர்மையாக்கி அனுப்பியிருந்தனர். கண்காட்சிப் பொறுப்பிலிருந்த மாணவி இரண்டையும் பார்த்துவிட்டு, “காடு இவ்வளவு காஞ்சுபோச்சோ, சேர்?” என்று கேட்டாள்.

அக்கேள்விக்கு ஆமென்றும் இல்லையென்றும் கூறவியலாத நிலை. சமவெளியில் மரங்கள் உச்சியிலிருந்து பட்டுவருவது மெய். 1970களின் பிற்பகுதியிலேயே தொட்டுபொலகந்தைப் பகுதியில் அது பதிவாகியுள்ளது. வரட்சி, மண், காற்று மாசு எனக் காரணங்கள் பல பேசப்படினும் ஆய்வாளரிடையே ஒருமித்த முடிபில்லை. எங்கள் மரத்தின் மேற்கிளைகளிலும் சில பட்டிருந்தன. ஆனால் மாணவி கண்டது கிளையையன்று, பாசியை. பாசி உலர்ந்ததாய்த் தோன்றியதற்குப் பெப்ரவரியின் வெயில் ஒரு காரணம், அச்சிட்டவரின் கூர்மை இன்னொரு காரணம். காட்டின் கேடு மூன்றாவதாக அங்கு இருந்ததா என்பதை அப்படம் சொல்லவில்லை.

“மக்களுக்கு உறைக்கட்டுமே, அப்படியே விடுவோம்” என்றார் என் நண்பர் ஒருவர். காட்டின்மேல் அவருக்குள்ள பரிவை நான் ஐயுறவில்லை. ஆயினும், பார்க்க வருபவருள் ஒருவராவது கணினி அறிந்தவராய் இருப்பார். இலைநுனியின் வெண்புள்ளியைக் காட்டி, இது செயற்கையென்று அவர் கூறிவிட்டால், பட்ட கிளைகளையும் எவரும் நம்பமாட்டார். மெய்யான கேட்டுக்குப் பொய்யான சாட்சி ஒன்றைச் சேர்ப்பதால் வழக்குத் தோற்கும். நண்பர் இதனை முற்றாக ஏற்றுக்கொண்டார் என்று சொல்வதற்கில்லை.

நவம்பரிலே மறுபடியும் சென்றேன். மேகம் காட்டுக்குள் இறங்கும்வரை இரண்டு நாட்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆசிரியரின் ஸ்லைட்டைத் தூசு நீக்கியதோடு விட்டுவிட்டோம். அதனைக் கூர்மையாக்கினாற் பிலிமின் மணிகள் பாசியின் விவரம்போல் வேடமிடும். புதிய படத்துக்கு ஆரை அரைப் பிக்சலுக்குச் சற்று மேல். கமரா மங்கலாக்கியதை ஈடுசெய்யும் அளவே. மங்கற் காகிதம் மையை உறிஞ்சிப் பரப்புமாதலால் அதற்கென மிகச் சிறிதளவு பின்னர் சேர்த்தோம். அந்த அளவைத் திரையிற் தீர்மானிக்கவில்லை. படத்தின் ஒரு துண்டை மூன்று அளவுகளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, பார்வையாளர் நிற்கும் தூரத்தில் நின்று தெரிந்தெடுத்தோம். வெண்மேகத்தின் முன் கறுத்து நிற்கும் பட்ட கிளைகளின் பகுதியை மட்டும் எதுவும் செய்யாது விட்டோம். கூர்மை தன் வெண்கரையை முதலில் வரையுமிடம் அதுவே. அச்சிடுவோருக்கு எதையும் சேர்க்கவேண்டாமென எழுதிக் கொடுத்தோம். பாசிகளை இனங்காணும் சகா ஒருவருக்குத் தொடப்படாத மூலப்படமே சென்றது. இரு படங்களின் கீழும் மாதம், ஆண்டு, பிலிமா இலக்கமுறையா, எவ்வளவு கூர்மை என்பவற்றை மாணவி எழுதினாள்.

அடிமரத்தில் இரண்டு படங்களிலும் பாசி ஏறக்குறைய ஒரேவிதமாய் ஈரத்தோடு இருந்தது. மேலே 1981இன் படத்திற் கிளைகள் யாவும் இலையோடு நின்றன. புதிய படத்தில் இலையற்றவற்றை மாணவி விரலால் தொட்டு எண்ணினாள், ஏழு.